செல்ஃப் எடுக்காத வண்டி: பேட்டரி மாற்ற வேண்டுமா, மாற்றினால் எதை வாங்குவது?

செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் நிறுத்தினால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்." பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பேட்டரி வயதாகித் தானே போனதா, இல்லை வண்டிக்குள் இருக்கும் வேறொன்று அதைச் சாகடித்ததா என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை. இரண்டாவதுதான் காரணம் என்றால் புதுசுக்கும் அதே கதிதான். அதனால் பணத்தை எடுக்கும் முன் கால் மணி நேரம் வண்டியோடு உட்காருங்கள்.

இங்கே பேசுவது நம் ஊரில் ஓடும் 100 சிசி முதல் 350 சிசி வரையிலான 12 வோல்ட் பைக், ஸ்கூட்டர்களைப் பற்றி. மின்சார ஸ்கூட்டரை ஓட்டும் பெரிய பேட்டரி தனிக் கதை, அது இதில் வராது.

தேவையான சாமான் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று அளவுகள்

முதல் அளவு, வண்டி ஓய்வில் இருக்கும்போது. ஓட்டிவிட்டு வந்து உடனே வைத்தால் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும், நம்ப வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வையுங்கள். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் நிறைய பேர். உள்ளே ஆறு அறைகள், சார்ஜான அறை ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தர வேண்டும். அந்தக் கணக்கில் 12.0 என்பது பசியோடு இருக்கும் பேட்டரி.

இரண்டாவது, செல்ஃப் பட்டனை அழுத்தும் அந்த இரண்டு மூன்று நொடிகளில். ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 9.5-க்குக் கீழே விழுந்தால் சந்தேகம். 12.6 காட்டிய பேட்டரி பட்டனை அழுத்தியதும் 7, 6 என்று சரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது முடிந்துவிட்டது. ஓய்வு வோல்டேஜ் மட்டும் பார்த்து "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது இந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, ஐடிலிங்கைவிட நன்றாக உயர்த்திப் பிடித்தபடி அளந்தால் 13.5-க்கும் 14.8-க்கும் நடுவில் வர வேண்டும். எவ்வளவு முறுக்கினாலும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் குறைகளில் பாதியை இவையே தீர்த்துவிடும்.

டிக் டிக் டிக் என்று அடிக்கிறது, எஞ்சின் சுற்றவில்லை

பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து வேகமாக டிக்டிக்டிக் என்று கேட்கும். கூடவே மீட்டர் விளக்குகள் மங்கி மங்கி எரியும், டிஜிட்டல் கடிகாரம் 12:00-க்குப் போய்விடும். அந்தச் சத்தம் ஸ்டார்டர் ரிலேயுடையது, அதாவது ஸ்டார்டர் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்சுடையது. ரிலே ஒட்டியதும் மோட்டார் பெரிய கரன்ட்டை இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, மறுபடி ஒட்டுகிறது.

பேட்டரி இறங்கியிருக்கலாம். ஆனால் அதே குறையைத் தளர்ந்த டெர்மினலும் அச்சு அசலாகக் காட்டும். பேட்டரி கவரைத் திறந்து கேபிளை விரலால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் திரும்பினாலும் அதுதான் குற்றவாளி. சில வண்டிகளில் டெர்மினல் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கேபிளின் வளையத்துக்கும் ஈயத்துக்கும் நடுவில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருக்கும். கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உலரவிட்டு மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே லேசாக வாசலின் தடவினால் பொடி திரும்ப வர நாளாகும்.

மீட்டரால் இதைப் பிடிப்பது எளிது. ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத்தின் மேலும் இன்னொரு முனையை அதே டெர்மினலில் மாட்டிய கேபிளின் வளையத்தின் மேலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். பூஜ்யத்தை ஒட்டியே காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அந்த இணைப்பு மோசம். நெகடிவ் கேபிள் சேஸியில் போய்ச் சேரும் போல்ட்டையும் இப்படியே பாருங்கள். மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் அங்கே துரு பிடித்திருப்பது சகஜம், ஆனால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இணைப்புகள் சுத்தமாக இருந்தும் டிக்டிக் நிற்கவில்லை, வோல்டேஜும் 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள், உடனே வாங்க ஓடாதீர்கள். சார்ஜ் போட்ட மறுநாள் காலையிலும் 12.5-க்கு மேல் நின்று, செல்ஃப் அடிக்கும்போது 10-ஐ விட்டு இறங்காமல் இருந்தால் பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது. ஏன் இறங்கியது என்பதுதான் இனி கேள்வி.

ஒரே ஒரு 'டொக்', அப்புறம் அமைதி

ஹெட்லைட் பளிச்சென்று இருக்கிறது, ஹாரன் முழுக் குரலில் அடிக்கிறது, பட்டனை அழுத்தினால் ஒரு டொக் மட்டும் கேட்டு நின்றுவிடுகிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். ரிலேயின் உள் தொடுமுனை கருகியிருக்கலாம், இல்லை ஸ்டார்டர் மோட்டாருக்குள் கரன்ட்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கலாம். கார்பன்தான் என்றால் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டிவிட்டு அழுத்தினால் ஒருமுறை எடுக்கும். கார்பன் செட் மாற்றுவது பேட்டரியைவிட மிகக் குறைந்த செலவு. இந்தக் குறைக்குப் பேட்டரி மாற்றச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

சத்தமே இல்லை

விளக்கு எரிகிறது, ரிலே சத்தம்கூட இல்லை. கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, கிளட்ச் சுவிட்ச், ஸ்கூட்டர் என்றால் பிரேக் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தபடி பின் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொன்னால் அந்த சுவிட்ச்சின் நிலை தெரிந்துவிடும். விளக்கும் எரியவில்லை, ஹாரனும் இல்லை, எல்லாமே செத்துக் கிடக்கிறது என்றால் மெயின் ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்திலேயே சின்ன டப்பாவில் இருக்கும், பெரும்பாலும் உள்ளேயே ஸ்பேர் ஒன்றும் இருக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுத் தற்காலிகமாகச் சமாளிக்கிறேன் என்று மட்டும் இறங்க வேண்டாம், வயரிங்கே எரிந்துபோகும்.

காலையில் மட்டும் தகராறு, பகலில் சரியாகிவிடுகிறது

வயதான பேட்டரியின் சரியான அடையாளம் இது. ராத்திரி நின்றதில் சார்ஜ் கொஞ்சம் கசிந்திருக்கும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். காலையில் கிக்கரை மிதித்து எடுத்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் அதற்குள் ஏறிய சார்ஜில் நாள் முழுக்க செல்ஃப் எடுக்கும். மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் இயற்கையான முடிவுதான், மாற்றலாம். வெயில் ஊர்களில் பேட்டரி சீக்கிரம் போவதற்குக் காரணம் இருக்கிறது. சூடு ஏற ஏற உள்ளே நடக்கும் வேதிவினை வேகமாகிறது, ஈயத் தகடுகள் அரிக்கப்படுவதும் வேகமாகிறது. வேலூரிலோ மதுரையிலோ நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியிடம் குன்னூர் வண்டியின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

பேட்டரி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் உங்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர், கடையிலிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் செல்ஃப். இடையில் சிக்னலில் ஐடிலிங். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஹெட்லைட்டையும் அணைக்க முடியாது. எடுத்த சார்ஜை திருப்பிப் போட வண்டிக்கு நேரமே கொடுக்கவில்லை. இந்த மாதிரி ஸ்கூட்டர்களுக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒரே ஓட்டம் கொடுத்தால் போதும். புது பேட்டரி தேவையில்லை.

புதுசு போட்டு இரண்டு மூன்று மாதம்தான் ஆச்சு, அதுக்குள்ள போச்சு

கடைக்காரரோடு சண்டை வரும் இடம் இதுதான். பேட்டரியைக் குறை சொல்லும் முன் மூன்றாவது அளவைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் ஏறவில்லை என்றால் புதுசு எதுவும் தாங்காது.

சார்ஜ் ஏறும் வழி இது. எஞ்சினோடு சுற்றும் மேக்னட் காயிலில் ஏசி மின்சாரம் பிறக்கிறது. மஞ்சள் வயர்கள் வழியாக அது ரெக்டிஃபையருக்கு வருகிறது. மெக்கானிக்குகள் ஆர்ஆர் யூனிட் என்று சொல்லும், மேலே அலுமினியத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிதான் அது. அது ஏசியை டிசியாக்கி, வோல்டேஜை ஒரு எல்லைக்குள் கட்டிப்போட்டு பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்தப் பெட்டியில் வயர்கள் செருகியிருக்கும் கப்ளரை முதலில் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி உருகி, அந்த வயரின் மேல்தோல் கெட்டித்துப் போயிருந்தால் மீட்டரே வேண்டாம், குறை கிடைத்துவிட்டது. கப்ளரை மாற்றினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

கப்ளர் சுத்தமாக இருந்தால், மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டிகளில் கப்ளரைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து இரண்டிரண்டு வயராக அளக்கலாம். மூன்று ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். முறுக்க முறுக்க மூன்றும் சேர்ந்து ஏற வேண்டும். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் காயில் போய்விட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் கன்டினியூட்டி, அதாவது இணைப்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். 'பீப்' என்று அடித்தாலும் காயில் எர்த் ஆகிவிட்டது என்று அர்த்தம். காயில் நன்றாக இருந்தால் பழி ரெக்டிஃபையர் மேல். சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் புது ஸ்கூட்டர்களில் இதை நீங்களே செய்ய வேண்டாம். அவற்றில் தனி ஸ்டார்டர் மோட்டார் கிடையாது. சார்ஜ் செய்யும் அதே காயில்தான் எஞ்சினையும் சுற்றுகிறது, கட்டுப்பாடு முழுக்க ஈசியூ என்ற வண்டியின் கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது. 2020-இல் வந்த ஆக்டிவா 6ஜி அந்த வகை. அவற்றை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி, "எஞ்சின் நிக்கலை பாருங்க, சார்ஜ் நல்லா ஏறுது" என்று காட்டும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டி பிழைத்துக்கொள்ளலாம். பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் தாறுமாறாகத் துள்ளும், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் இருக்கும் எஃப்ஐ வண்டியின் ஈசியூ அதில் போனால் பேட்டரியின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. உங்கள் வண்டியில் கை வைக்க விடாதீர்கள்.

சார்ஜ் சரியாக ஏறியும் பேட்டரி இறங்குகிறது என்றால் வண்டி தூங்கும்போது யாரோ திருடுகிறார்கள். ஜிபிஎஸ் டிராக்கர், ரிமோட் அலாரம், நேராகப் பேட்டரியில் மாட்டிய மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்கு என்று சந்தேகப்பட நிறைய பேர் உண்டு. சாவியை அணைத்து, நெகடிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை கரன்ட் அளக்கும் நிலையில் மாட்டுங்கள். சிவப்பு வயரை முதலில் 10 ஆம்பியர் ஓட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒட்டுப்போடாத வண்டியில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் வரக் கூடாது. 20 மில்லி ஆம்பியர் வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 ஏஎச் (ஆம்பியர் அவர், கொள்ளளவின் அளவு) பேட்டரியை அது 150 மணி நேரத்தில், அதாவது ஒரு வாரத்துக்குள், முழுக்கக் குடித்துவிடும். ஒவ்வொரு ஒட்டு வயராகக் கழற்றி எண் எப்போது விழுகிறது என்று பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான்.

பேட்டரி வீங்கியிருக்கிறது, பல்பு அடிக்கடி போகிறது

பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தால், சீட்டைத் தூக்கியதும் அழுகிய முட்டை வாடை வந்தால், தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் அடிக்கடி மட்டம் இறங்கினால், அல்லது மாற்ற மாற்ற பல்பு ஃபியூஸ் ஆனால், மூன்றாவது அளவு 15-ஐத் தாண்டியிருக்கும் என்று எதிர்பாருங்கள். ரெக்டிஃபையர் எல்லை கட்டும் வேலையைச் செய்யவில்லை. அதை மாற்றாமல் புது பேட்டரி வைப்பது புது பேட்டரியையும் வேகவைப்பதற்குச் சமம். மாற்றும் முன் ரெக்டிஃபையரின் எர்த் வயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கிடைக்காத பெட்டிக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று கண்டுபிடிக்கவே வழியில்லை.

வீங்கிய பேட்டரிக்கு மருந்து கிடையாது. சார்ஜ் போட முயல வேண்டாம், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், கழற்றி வெளியே வையுங்கள்.

வீக்கம் இல்லாமலே போகும் இன்னொரு வகையும் உண்டு. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் 10.5 வோல்ட்டைத் தாண்டாது. ஆறு அறையில் ஒன்று ஷார்ட் ஆகி, 2.1 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. வாரண்டியில் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், இந்த எண்ணை எந்தக் கடைக்காரரும் மறுக்க முடியாது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் எஃப்ஐ ஆகிவிட்டன. கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தாலும் கிக்கரில் எடுத்து ஓட்டிவிடலாம், ஹாரன்தான் கம்மும். எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ எல்லாவற்றுக்கும் ஒழுங்கான வோல்டேஜ் வேண்டும். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ஜ்ஜ்ஜு' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அது தேய்ந்து கேட்டாலோ கேட்கவே இல்லை என்றாலோ கிக்கரை எத்தனை தடவை மிதித்தாலும் வேர்வைதான் மிச்சம். குழியில் இறங்கும்போது மட்டும் அணைகிறது என்றால் பழையபடி டெர்மினலுக்கு வாருங்கள். அங்கே தளர்வு இருக்கும்.

வெளியூர் போய் வந்தேன், வண்டி எடுக்கவில்லை

ஒரு மாதம் நின்ற வண்டி என்றால் முதலில் மெதுவான சார்ஜ். மெதுவான என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேட்டரியின் ஏஎச் எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் அதற்குத் தாங்கும். 3 ஏஎச் என்றால் 0.3 ஆம்பியர், இரவு முழுக்க. கார் பேட்டரிகளுக்கான சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் "ஃபுல் பண்ணித் தர்றேன்" என்பவரிடம் கொடுத்தால் சூடேறி உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடும். மூடிய பேட்டரியில் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழி கிடையாது. இரவு முழுக்கப் போட்டும் ஓய்வு வோல்டேஜ் 12.4-க்கு மேல் நிற்கவில்லை என்றால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிட்டது, மாற்றுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும் முன் நெகடிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும்

பழைய பேட்டரியைக் கழற்றிக் கையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள், இல்லை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதில்தான் தப்பு நடக்கிறது. ஒரே பெயரில் வரும் வண்டி வருடத்துக்கு வருடம் பேட்டரியை மாற்றிக்கொண்டிருக்கும். பழைய கிளாசிக் 350-இல் 14 ஏஎச், 2021-இல் வந்த புது எஞ்சின் கிளாசிக்கில் 8 ஏஎச். பெயர் ஒன்றுதான், ஒன்றின் பேட்டரி இன்னொன்றின் பெட்டியில் உட்காராது.

லேபிளில் உள்ள குறியீட்டைப் படியுங்கள். எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி முன்னால் மாறும். நடுவில் வரும் டிஇசட்4, டிஎக்ஸ்5 மாதிரியான பகுதிதான் அளவைச் சொல்கிறது. எண்ணுக்குப் பின்னால் 'எல்' என்று இருந்தால், டெர்மினல்கள் உங்களைப் பார்த்தபடி வைக்கும்போது பாசிடிவ் வலது பக்கம். இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் பேட்டரி பெட்டியில் அழகாக உட்காரும், கேபிள் மட்டும் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டுகிறேன் என்று கேபிள்களைக் குறுக்கே போட்டு, கவனம் தப்பி மாற்றி இணைத்தால் ஃபியூஸோடு நின்றால் அதிர்ஷ்டம், ரெக்டிஃபையரும் சேர்ந்து போகும்.

"கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று சொல்வார்கள். பெட்டிக்குள் அடங்கி, டெர்மினல் பக்கமும் ஒத்துப்போனால் ஒரு படி கூடுதல் ஏஎச் வைப்பதால் எதுவும் கெடாது. காயில் எரிந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. ஆனால் வண்டி நல்ல நிலையில் இருந்தால் கம்பெனி கொடுத்த அளவே தாராளம், வண்டியில் குறை இருந்தால் பெரிய பேட்டரி அதைச் சில வாரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். உயரம் கூடின பேட்டரியின் பாசிடிவ் டெர்மினல் இரும்பு மூடியிலோ கிளாம்ப்பிலோ இடிக்கும் ஆபத்து வேறு. பெட்டியின் நீள, அகல, உயரத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். குறைந்த ஏஎச் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வகையைப் பொறுத்தவரை இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் மூடிய மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரிதான், அதையே வாங்குங்கள். ஆசிட் ஊற்றும் வகை விலை குறைவு. ஆனால் அதற்கு ஒரு காற்றுக் குழாய் உண்டு, அதை வெளியே வழிகாட்ட வண்டியில் இடம் வேண்டும், மடங்கினாலோ விடுபட்டாலோ ஆசிட் ஃபிரேமிலும் செயினிலும் சொட்டும். ஆசிட் வகைக்கே வடிவமைத்த பழைய வண்டியில் மூடிய வகையைப் போடலாமா என்றால், சார்ஜிங் 14.8-க்குள் நிற்கும் வரை தாராளமாகப் போடலாம். பழைய வகையையே தொடர்ந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மட்டம் இறங்குவது தண்ணீர் ஆவியாவதால், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மேலும் ஆசிட் ஊற்றினால் தகடு அரிக்கும்.

கடையிலேயே ஆசிட் நிரப்பித் தரும் புது பேட்டரி என்றால் ஒரு நாள் பொறுங்கள். நிரப்பியதும் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெதுவான கரன்ட்டில் முதல் சார்ஜ் போட்டுத்தான் மாட்ட வேண்டும். "ஊத்தினதே போதும், வண்டியிலேயே ஏறிடும்" என்று அவசரப்பட்டால் அந்தப் பேட்டரி முழுக் கொள்ளளவை எட்டாமலே போகும். மூன்று மாதத்தில் போச்சு என்ற புகார்களில் இதுவும் ஒன்று.

லித்தியம் பேட்டரியைப் பலர் கேட்கிறார்கள். எடை மிகக் குறைவு, ஓய்வு வோல்டேஜ் 13.2 அளவில் இருக்கும், செல்ஃப் சுறுசுறுப்பாக எடுக்கும். டிராக்கில் ஓட்டுபவருக்கு அந்த எடை முக்கியம். தினமும் காய்கறி வாங்கப் போகும் ஸ்கூட்டருக்கு விலை நியாயப்படாது. லேபிளில் போட்டிருக்கும் ஏஎச் சில சமயம் 'ஈய பேட்டரிக்குச் சமமான' எண், உண்மையான கொள்ளளவு அதில் ஒரு பகுதிதான். ரெக்டிஃபையர் 14.6-க்கு மேல் போகும் பழைய வண்டியில் அதைப் போடவே போடாதீர்கள்.

கவுண்டரில் செய்ய வேண்டியது

தயாரித்த தேதியை முதலில் பாருங்கள். பேட்டரி அலமாரியில் இருக்கும்போதும் மெல்ல இறங்கும், சூடான கடையில் இன்னும் வேகமாக. மூன்று நான்கு மாதத்துக்குள் தயாரானது நல்லது, ஆறு மாதத்தைத் தாண்டியதை வேறு கேளுங்கள். தேதி குறியீடாக இருந்தால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மீட்டரையே எடுத்து அளந்து பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 12.6 வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் வாங்காதீர்கள்.

வாரண்டி அட்டையில் பெரிய எழுத்தில் 48 மாதம் என்று இருந்தால் அடுத்த வரியையும் படியுங்கள். வழக்கமாக முதல் பாதி மட்டும்தான் இலவச மாற்று. பின் பாதியில் கழிவு விகிதம்தான், புதுசுக்கு நீங்களும் பணம் போட வேண்டும். சீரியல் நம்பரும் தேதியும் எழுதி, கடை முத்திரை வைத்து, பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த நூறு ரூபாய்க்கு வாரண்டியை விற்றுவிட்டீர்கள்.

மாட்டும்போது

கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது பாசிடிவ் முதலில். நெகடிவ் மாட்டியிருக்கையில் பாசிடிவைத் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை ஃபிரேமில் பட்ட நொடியில் வெல்டிங் பொறி பறக்கும்.

டெர்மினலுக்குள் கிடக்கும் சின்ன சதுர நட்டு பெரிய இம்சை. போல்ட்டை உள்ளே விட்டதும் நட்டு கீழே இறங்கிவிடும், போல்ட் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். நட்டுக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை இரண்டாக மடித்துச் செருகுங்கள், நட்டு மேலேயே நிற்கும். முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே திருப்பி, மரை பிடித்த பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் ஈயம் மென்மையானது, முழு பலத்தையும் போட்டால் டெர்மினலே திருகிக்கொள்ளும். ரப்பர் பட்டையோ கிளாம்ப்போ கழற்றியது எதுவோ அதை மறக்காமல் போடுங்கள். பெட்டிக்குள் ஆடும் பேட்டரி அதிர்விலேயே பாதி ஆயுளை இழந்துவிடும்.

எஞ்சினை எடுத்து மூன்றாவது அளவை மறுபடி பாருங்கள். 13.5-க்கும் 14.8-க்கும் நடுவில் இருந்தால் கவரை மூடலாம்.

பழையதைக் கடையிலேயே கொடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு, புதுசின் விலையில் ஒரு தொகையைக் கழிப்பார்கள். கழிப்பது எவ்வளவு என்று புதுசின் விலையைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. காயலான் கடையில் உடைத்தால் ஆசிட் மண்ணில்தான் போகும்.